நூறு சதவீதம், சரி... எத்தனை பேர் எழுதினார்கள்?

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில், ஒரு விவசாயி மகளைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்த நேரம் அது.

"சார், அந்த ஊர் ஸ்கூல்ல நூறு பர்சன்ட்டுன்னு ஃபிளெக்ஸ் கட்டியிருக்காங்க. உங்க ஸ்கூல்ல தொண்ணூத்திரெண்டுதான். பாப்பாவ எங்க சேக்குறது?"

"அங்க எத்தனை பேர் பரீட்சை எழுதினாங்கன்னு கேட்டீங்களா?" என்றேன். கேட்கவில்லை. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை எல்லாப் பெற்றோரும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இருபது பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலே 5 சதவீதம் இறங்கிவிடும். 125 பேர் எழுதி 115 பேர் தேறினால் 92 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து எந்தப் பள்ளி உசத்தி என்று சொல்லவே முடியாது. அதைவிட முக்கியமான கேள்வி இன்னொன்று இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய பிள்ளைகள், முந்தைய ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேராக இருந்தார்கள்? எட்டு வரைக்கும் நம் மாநிலத்தில் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. ஒன்பதில்தான் சல்லடை போடுகிறார்கள். "டி.சி. வாங்கிக்கிட்டுப் போயி பிரைவேட்டா எழுதிக்கோப்பா" என்று மெல்லிய குரலில் சொல்லி அனுப்பப்பட்ட பையன்களை நான் பார்த்திருக்கிறேன். பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன வீட்டுப் பிள்ளையாக இருப்பான். தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு பாதி நாள் லீவு போட்டிருப்பான். அவன் வெளியே போனதும் பள்ளியின் சதவீதம் ஏறும். அவனை உள்ளேயே வைத்து, மாலையில் உட்கார வைத்து 35 வாங்க வைத்த ஆசிரியர் இருக்கும் பள்ளிதான் என் கணக்கில் நல்ல பள்ளி. அங்கே ஃபிளெக்ஸ் இருக்காது.

பன்னிரண்டாம் வகுப்பிலும் இதே கதைதான். நான் வேதியியல் நடத்தியவன், அதனால் அதை வைத்தே சொல்கிறேன். நூறு மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, பள்ளியே போடும் அகமதிப்பீடு 10. எழுத்தில் 15 எடுத்து, மொத்தம் 35 வந்தால் பாஸ். செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் கை தாராளமாக இருந்தால், எழுத்துத் தேர்வில் தட்டுத் தடுமாறிய பிள்ளையும் தேறிவிடும். ஆகவே தேர்ச்சி எவ்வளவு என்று கேட்டதோடு நிறுத்தாதீர்கள். கணக்கிலும் இயற்பியலிலும் 60க்கு மேல் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

அப்புறம், பள்ளிக்குள் போய்ப் பார்க்க வேண்டியவை. வேதியியல் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்பிரிட் விளக்கின் திரி கருகியிருக்கிறதா? வாங்கிய அன்று இருந்த வெள்ளையாகவே இருந்தால், அந்த விளக்கை யாரும் ஏற்றவில்லை. பியூரெட் என்ற நீளமான அளவுக் கண்ணாடிக் குழாயின் அடியில் இருக்கும் திருகைத் திருகிப் பாருங்கள். தூசி இறுகித் திருகவே முடியாமல் இருந்தால் பிள்ளைகள் டைட்ரேஷன் என்ற கரைசல் அளவிடும் சோதனையை நோட்டில் மட்டும்தான் செய்திருக்கிறார்கள். கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதையும், முக்கியமாகப் பெண் பிள்ளையைப் பெற்றவர்கள், கூச்சப்படாமல் பார்த்துவிடுங்கள்.

தலைமையாசிரியர் அறையில் கால அட்டவணை மாட்டியிருக்கும். பதினொன்றாம் வகுப்புக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் முதுநிலை ஆசிரியர் பெயர் இருக்கிறதா? இயற்பியலுக்கு எதிரே வெற்றிடமா? காலியிடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் போடுவதுண்டு. அதில் நல்ல ஆசிரியர்களும் வருகிறார்கள், ஆனால் எந்த மாதத்தில் வந்தார் என்று விசாரியுங்கள். ஜூனில் வந்தவருக்கும் அக்டோபரில் வந்தவருக்கும் பாடத்தில் பாதி வித்தியாசம்.

எந்தெந்த குரூப் இருக்கிறது என்பதைக் கடைசியில் விசாரிக்கிறார்கள், முதலில் விசாரிக்க வேண்டியது அதுதான். கிராமத்துப் பள்ளிகள் பலவற்றில் எல்லா குரூப்பும் இருக்காது. பக்கத்தில் இருக்கிறது என்று சேர்த்துவிட்டு, கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் குரூப்தான் கிடைத்தது என்றால், இரண்டு வருடம் கழித்துப் பொறியியல் கவுன்சிலிங் வாசலில் போய் நின்று பயனில்லை. கணக்குப்பதிவியல் இல்லாத பள்ளியில் வணிகவியல் கனவோடு சேர்ந்த பிள்ளையும் அப்படித்தான் தவிக்கும்.

இன்னொரு விஷயம், வீட்டில் கடன் வாங்கியாவது பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீட்டித்தார்கள். அந்த இரண்டு வருடத்தை வெளியே படித்தால் அந்த உரிமை போய்விடும். பிள்ளைக்கு அதுவே சரி என்றால் மாற்றுங்கள், ஆனால் எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரிந்து மாற்றுங்கள்.

அந்த விவசாயியிடம் இவ்வளவையும் சொன்னேன். மறுநாள் அந்த ஊருக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். பரீட்சை எழுதியவர்கள் 23 பேர். பாப்பாவுக்கு நர்சிங் ஆசை. அங்கே உயிரியல் இருந்தது, ஆசிரியரும் இருந்தார். எங்கள் பள்ளியிலும் இரண்டும் இருந்தன. மாலை சிறப்பு வகுப்பு முடிந்து எங்கள் ஊரிலிருந்து அவர்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் ஆறே கால் மணிக்கு. அங்கிருந்து ஏழு மணிக்கும் ஒன்று உண்டு. சிறப்பு வகுப்பு முடிவதே ஆறு மணிக்கு.

"அப்ப அங்கயே சேத்துடுங்க" என்று நானே சொல்லி, டி.சி.யில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.