'பிளக்கேட்' என்று எழுதும் முன்

புகாரோடு வரும் வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதும் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. 16 வருடமாகச் செய்கிறேன். இத்தனை வருடத்தில் இலக்கணப் பிழைக்காக ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. 'ஹேஸ்' வர வேண்டிய இடத்தில் 'ஹேவ்' வந்தால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. ஆனால் எழுத்துப்பிழை இல்லாமல், இலக்கணம் பிசகாமல், அகராதியில் தேடி எடுத்துப் போட்ட ஒரு சொல் பல கடிதங்களைக் கெடுத்திருக்கிறது. 'பிளக்கேட்' (placate) என்ற வினைச்சொல்தான் அது.

முதன்முதலில் எனக்கு அது உறைத்தது ஒரு ஃபிரிட்ஜ் விவகாரத்தில். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாங்கிய ஃபிரிட்ஜ் நான்கு மாதத்தில் மூன்று முறை நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் மெக்கானிக் வந்தார், எதையோ மாற்றினார், போனார். மூன்றாவது முறை நின்றபோது உள்ளே அவருடைய மனைவியின் இன்சுலின் இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். அது கோடைக்காலம். வாங்கி வைத்திருந்த மொத்தமும் வீண். அவர் ஒரு பக்கத்துக்கு, நிதானமான நல்ல ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். என்னிடம் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அதற்குப் பதில் எழுதினார். சிரமத்துக்கு வருந்துகிறோம், ஆறு மாதம் கூடுதல் வாரன்டி தருகிறோம், இது உங்களை 'பிளக்கேட்' செய்யும் என்று நம்புகிறோம். இவ்வளவுதான் கடிதம்.

ஒரு வாரத்தில் அதே கடிதம் திரும்பி வந்தது. அந்த ஒரு சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: "நான் அழுகிற குழந்தை இல்லை."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "மேடம், நீங்க குடுத்த லிஸ்ட்லதானே இந்த வார்த்தை இருந்தது?" என்று கேட்டார். இருந்தது. நான் தயாரித்துக் கொடுத்த சொற்பட்டியலில் 'காம்', 'பேசிஃபை', 'அப்பீஸ்', 'பிளக்கேட்', 'மாலிஃபை' என்று வரிசையாகப் போட்டு, எல்லாவற்றுக்கும் எதிரே 'சமாதானப்படுத்து' என்று ஒரே அர்த்தத்தை எழுதியிருந்தேன். தவறு என்னுடையது. அன்றிலிருந்து இதைப் பற்றி வகுப்புதோறும் பேசி வருகிறேன்.

நம் 'சமாதானப்படுத்து' அன்பான சொல். அதை யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அவர் முகத்துக்கு நேராகவே சொல்லலாம். கல்யாணத்துக்கு முறையாக வந்து அழைக்கவில்லை என்று பெரியப்பா முறுக்கிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குப் போய், "உங்களைச் சமாதானப்படுத்தத்தான் பெரியப்பா நானே நேரில் வந்தேன்" என்றால் அவர் முகம் கொஞ்சம் இளகும். 'என் கோபத்தை இவன் மதிக்கிறான்' என்று அவருக்குப் படும். நாம் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறோம். 'பிளக்கேட்' அந்த நல்லெண்ணத்தைச் சுமக்காது.

அந்தச் சொல்லின் மூலம் லத்தீனில் 'பிளாக்காரே', அமைதிப்படுத்துதல். இன்றைய ஆங்கிலத்தில் அதன் வேலை இன்னும் குறுகியது: கோபமாக இருப்பவருக்கு ஏதாவது ஒன்றைக் கொடுத்தோ, விட்டுக்கொடுத்தோ அந்தக் கோபத்தை அடக்குவது. கவனித்துப் பாருங்கள், இதில் அவருடைய நஷ்டம் எங்கேயும் இல்லை. ஃபிரிட்ஜ் இல்லை, இன்சுலின் இல்லை. கோபம் மட்டும்தான் இருக்கிறது. 'உங்கள் கோபம் எங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது, இதை வைத்துக்கொண்டு அமைதியாகுங்கள்' என்பதுதான் அந்தத் தலைமையாசிரியர் காதில் விழுந்தது. அவர் வாசித்தது சரி. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் அப்படித்தான் வாசிப்பார்.

அதனால்தான் இந்தச் சொல் பெரும்பாலும் மூன்றாம் மனிதரைப் பற்றிய பேச்சிலேயே வரும். கட்டணத்தை உயர்த்திய அரசு, எதிர்ப்பாளர்களை 'பிளக்கேட்' செய்யப் பாதியைக் குறைத்தது என்று ஒரு பத்திரிகை எழுதலாம். அங்கே அது சரியான சொல். எழுதுபவர் வெளியே நிற்கிறார், அரசின் நோக்கத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறார், அந்தச் சந்தேகத்தைச் சொல் சுமக்கிறது. அதே அரசு மக்களைப் பார்த்து 'உங்களை பிளக்கேட் செய்யவே குறைத்தோம்' என்று அறிவித்தால் எப்படி இருக்கும்? நம் பேச்சுத் தமிழில் இதற்கு நெருங்கிய சொல் 'தாஜா பண்ணுவது'. சில இடங்களில் 'வாயை அடைப்பது' என்றே சொல்லலாம். வகுப்பில் நான் கொடுக்கும் சோதனை இதுதான்: எழுதிய வாக்கியத்தில் 'பிளக்கேட்' இருக்கும் இடத்தில் 'தாஜா' என்று போட்டு, உரியவரிடம் சத்தமாகப் படித்துக் காட்ட முடியுமா என்று பாருங்கள்.

சரி, வேறு சொல்லைப் போட்டுவிடலாமா என்றால், அதன் கூடப்பிறந்தவை ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

'அப்பீஸ்' என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறே நிற்கிறது. 1930களில் பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் தங்கள் கொள்கைக்குத் தாங்களே பெருமையாகச் சூட்டிக்கொண்ட பெயர் 'அப்பீஸ்மென்ட்'. 1938 செப்டம்பர் 30 அன்று மியூனிக்கில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி நான்கும் சேர்ந்து, செக்கோஸ்லோவாக்கியாவின் சுடேட்டன்லாந்து பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்தன. நிலத்தை இழந்த செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அந்த மேசையில் இடமில்லை. 1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படை பிராக் நகருக்குள் நுழைந்தது. அதோடு அந்தச் சொல்லின் மானம் போனது. இன்று ஒருவர் மற்றொருவரை 'அப்பீஸ்' செய்தார் என்றால், மிரட்டுபவருக்குப் பணிந்தார் என்று அர்த்தம். நம் நாட்டு அரசியல் மேடையிலும் அது குற்றச்சாட்டாகத்தான் வருகிறது. ஒரு வாடிக்கையாளருக்கு இதை எழுதினால் அவரை மிரட்டுபவர் என்று சொன்னதாகிவிடும். கூடவே நம்மைக் கோழை என்றும் சொல்லிக்கொள்கிறோம்.

'ப்ரொபிஷியேட்' இன்னும் கனமானது. நம்மில் பலர் இதை முதலில் பார்த்திருப்பது, நம் ஊர் அம்மன் கோயில்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பக்கங்களில்தான். அம்மை பரவுகிறது, மழை பொய்க்கிறது, ஆத்தா கோபமாக இருக்கிறாள், கூழ் ஊற்றிப் பொங்கலிட்டு அவள் மனதைக் குளிரச் செய்கிறார்கள். இதற்குத்தான் அந்தச் சொல். மேலே ஒரு பெரிய சக்தி, கீழே பயத்தோடு நாம், நடுவில் ஒரு படையல். இந்த மூன்றும் இருந்தால் சொல் பொருந்தும். வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பையன், 'மேலதிகாரிகளையும் வாடிக்கையாளர்களையும் ப்ரொபிஷியேட் செய்வதில் அனுபவம் உண்டு' என்று எழுதிக்கொண்டு வந்தான். கிராமத்திலிருந்து வந்து, இரவெல்லாம் உட்கார்ந்து நல்ல சொற்களைத் தேடிச் சேர்த்த விண்ணப்பம் அது. அந்த உழைப்பைப் பார்த்து எனக்கு மனது கனத்தது. மேலதிகாரி என்ன, உக்கிர தெய்வமா? அந்த வரியை அடித்துவிட்டு, எத்தனை புகார்களை எத்தனை நாளில் தீர்த்தான் என்று எழுதச் சொன்னேன்.

'அஸ்வேஜ்' என்பதில் வேறு ஒரு சிக்கல். அதன் பின்னால் மனிதர் வரக் கூடாது, உணர்வு வர வேண்டும். பயம், துக்கம், குற்ற உணர்ச்சி, பசி இவற்றை 'அஸ்வேஜ்' செய்யலாம். நாம் தமிழில் பசியை ஆற்றுகிறோம், துயரத்தை ஆற்றுகிறோம், மனிதரைத் தேற்றுகிறோம் அல்லவா, ஏறக்குறைய அந்த வேறுபாடு. 'மாலிஃபை' என்பது முரண்டை மென்மையாக்குவது, 'பிளக்கேட்' அளவுக்குச் சுடாது, ஆனாலும் முகத்துக்கு நேரே சொல்ல ஏற்றதல்ல. 'பேசிஃபை' வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் குழந்தை வாயில் வைக்கும் ரப்பர் சூப்பானுக்குப் பெயரே 'பேசிஃபையர்'.

இந்தக் கூட்டத்தில் கௌரவமாக நிற்பது 'கன்சிலியேட்' ஒன்றுதான். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில், தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே உட்கார்ந்து பேசும் அதிகாரிக்கு 'கன்சிலியேஷன் ஆபீசர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு தரப்புக்கும் சமமான நாற்காலி போடும் சொல் அது. ஆனால் அது நடுவில் இருப்பவருக்கு உரியது. புகாருக்கு ஆளான நிறுவனமே 'நான் கன்சிலியேட் செய்கிறேன்' என்று சொல்லிக்கொள்வது சரியாக இருக்காது.

கடிதத்தில் கவனமாக இருப்பவர்கள்கூட அலுவலகக் கோப்பில் சறுக்கிவிடுகிறார்கள். தொலைபேசியில் பேசி முடித்ததும் கணினியில் குறிப்பு எழுத வேண்டும். அதில் 'கஸ்டமர் பிளக்கேட்டட், கேஸ் க்ளோஸ்டு' என்று ஒரு வரி. இதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணம். வங்கி ஊழியர்களுக்கு நான் குறிப்பாகச் சொல்வது: புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, வாடிக்கையாளர் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம், போகலாம். அப்போது உங்கள் தரப்பு என்ன செய்தது என்ற கேள்வி வரும். 'பிளக்கேட்டட்' என்ற சொல் அந்த இடத்தில், பணத்தைத் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்லாது, ஆளைத் தாஜா பண்ணியதாகச் சொல்லும். என்ன கொடுத்தோம், என்ன தேதியில், அவர் ஒப்புக்கொண்டாரா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள்.

இப்போது செல்பேசியிலேயே வாக்கியத்தை அலுவலக நடைக்கு மாற்றித் தரும் வசதிகள் வந்துவிட்டன. 'காம்' என்று எளிமையாக எழுதியதை அவை சில நேரம் 'பிளக்கேட்' என்று மாற்றிப் பரிந்துரைக்கின்றன. புதிய பிள்ளைகள், கடினமான சொல் மரியாதையான சொல் என்று நம்பி அதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்கும் முன் அந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்று நாலைந்து எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். அர்த்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

அந்தத் தலைமையாசிரியருக்கு இரண்டாவது கடிதத்தை அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்து எழுதினோம். அவர் மனநிலையைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. மெக்கானிக் வந்த மூன்று தேதிகளை எழுதினோம். இன்சுலின் வீணானதைக் குறிப்பிட்டோம், அது எவ்வளவு ஆபத்தானது என்று எங்களுக்குத் தெரியும் என்றும் எழுதினோம். நிர்வாகத்திடம் பேசி, பழையதை எடுத்துக்கொண்டு வேறு ஃபிரிட்ஜ் கொடுக்க அனுமதி வாங்கியிருந்தோம், அது வரும் நாளை எழுதினோம். மருந்து வாங்கிய ரசீதை அனுப்பினால் அந்தத் தொகையையும் தருவதாகச் சொன்னோம். மொத்தம் எட்டு வரி. எல்லாம் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த ஆங்கிலம்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து உறை வந்தது. பிரிக்க அந்தப் பெண்ணுக்குப் பயம், என்னைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே கடிதம் இல்லை. மருந்துக் கடை ரசீது மட்டும் நான்காக மடித்து வைத்திருந்தது.