பேட்டரி விளக்கை மட்டும் தொடாதீர்கள்

பழைய காரின் மீட்டர் போர்டில் எல்இடி போட்ட பிறகு வரும் கோளாறுகளுக்குப் பெரும்பாலும் ஒரே மூலம்தான். இழை பல்பு வெளிச்சம் மட்டும் தருவதில்லை. அந்த மின்சுற்றில் அது ஒரு ரெசிஸ்டராகவும் (மின்தடையாகவும்) இருக்கிறது. 1.2 வாட் டி5 (சிறிய அளவு) பல்பு 12 வோல்டில் 100 மில்லி ஆம்பியர் இழுக்கும். அதே ஹோல்டரில் உட்காரும் எல்இடிக்கு 20 போதும். குறைந்துபோன அந்த 80 மில்லி ஆம்பியரை வேறு ஏதோ ஒன்று நம்பியிருந்தால் அங்கேதான் சிக்கல்.

பல்பு வாங்கும் முன் பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள். டி5, அதைவிடப் பெரிய டி10 என இரண்டு அளவும் ஒரே மீட்டரில் கலந்து இருக்கலாம். நுனியில் மட்டும் ஒளிரும் எல்இடி வேண்டாம். ஊசிக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் புள்ளி விழும், ஓரங்கள் இருட்டாகக் கிடக்கும். பக்கவாட்டிலும் ஒளிரும் சில்லு (சிப்) வைத்தது நல்லது. வெள்ளை எல்இடியில் சிவப்பு குறைவு என்பதால், சிவப்பு வில்லைக்குப் பின்னால் சிவப்பு எல்இடியே போடுங்கள். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள். மீட்டரை மூடும் முன் எல்லாவற்றையும் எரியவிட்டுப் பாருங்கள். எரியாததைத் திருப்பிச் செருகினால் போதும், எல்இடிக்குப் பிளஸ் மைனஸ் உண்டு. டி10-இன் இரண்டு கம்பிக் கால்கள் வளைந்து ஒன்றையொன்று தொட்டால் பார்க் லைட் ஃப்யூஸ் போகும். கால்களை நேராக்கிவிட்டு அதே ஆம்பியர் ஃப்யூஸையே போடுங்கள், பெரியதைப் போட்டால் அடுத்து உருகுவது வயர்.

வெளிச்சம் குறைக்கும் குமிழ் வேலை செய்யவில்லை என்பது அடுத்த புகார். ஆறு இழை பல்புகள் சேர்ந்து 20 ஓம். குமிழைத் திருப்பி 5 ஓம் சேர்த்தால் பல்புகளுக்கு 9.6 வோல்ட்தான் போகும், வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கும். ஆறு எல்இடிகளோ 0.12 ஆம்பியர்தான் இழுக்கும். அதே 5 ஓமில் 0.6 வோல்ட் மட்டுமே குறையும், கண்ணுக்குத் தெரியாது. மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி விடும் பிடபிள்யூஎம் டிம்மர் போட்டால் சரியாகும்.

உண்மையில் ஆபத்தானது பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு. சாவியைத் திருப்பியதும், என்ஜின் ஓடும் முன், பேட்டரியிலிருந்து மின்சாரம் இந்தப் பல்பு வழியாக ஆல்டர்னேட்டரின் (என்ஜின் சுற்றி மின்சாரம் தயாரிக்கும் கருவியின்) சுழலும் சுருளுக்குப் போய் எர்த்தில், அதாவது பேட்டரி மைனஸோடு இணைந்த கார் உடலில், இறங்குகிறது. பல்பு எரிவது அதனால்தான். அந்தச் சின்ன மின்னோட்டம்தான் சுருளைக் காந்தமாக்கி, மின் உற்பத்தியைத் தொடக்கிவைக்கிறது. ஆல்டர்னேட்டர் எழுந்ததும் தன் சுருளுக்குத் தானே மின்சாரம் கொடுத்துக்கொள்ளும். பல்பின் இரண்டு பக்கமும் 14 வோல்ட் ஆகிவிடும், வித்தியாசம் இல்லாததால் விளக்கு அணையும்.

இங்கே எல்இடி போட்டால் 20 மில்லி ஆம்பியரில் காந்தம் போதாது. ஸ்டார்ட் ஆன பிறகும் விளக்கு அணையாது. ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தால் மிச்சமிருக்கும் காந்தத்தில் எழுந்துகொள்ளும், அணையும். ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று நினைத்து அதையே மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. இந்த இடத்தில் பழைய பல்பையே விட்டுவிடுங்கள். எல்இடிதான் வேண்டுமென்றால் பக்கத்தில் இணையாக 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். சுமார் 1.4 வாட் சூடாகும், பிளாஸ்டிக்கைத் தொடக்கூடாது. ஆல்டர்னேட்டரை இசியு (என்ஜினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர்) கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இந்தத் தொல்லை இல்லை.

இடம் வலம் இரண்டுக்கும் ஒரே பச்சை இண்டிகேட்டர் விளக்கு உள்ள வண்டிகளில் மின்சாரம் இரண்டு திசையிலும் பாயும். எல்இடி ஒரு பக்கத்துக்கு மட்டும் மின்னும். திசை பார்க்காத எல்இடி வாங்கலாம், அல்லது மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகள் நான்கைப் பிரிட்ஜாகக் கட்டலாம்.

ஹெட்லைட் போட்டதும் பெட்ரோல் முள் நகர்ந்தால் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். ஓம் அளந்து ஏமாறாதீர்கள்; ஒற்றைக் கம்பியிழையில் தொங்கும் வயர்கூடப் பூஜ்யம் காட்டும். விளக்குகளை எரியவிட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை மீட்டர் போர்டின் எர்த் வயரிலும் வையுங்கள். 0.2 வோல்டுக்கு மேல் இருந்தால் எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேயுங்கள். எல்இடி போட்ட பிறகு இழுவை குறைவதால் இந்தக் குறை மறைந்துகொள்ளும். அதனால் சோதிக்கும்போது மட்டும் ஒரு 21 வாட் பிரேக் பல்பை அதே எர்த்தில் மாட்டி எரியவிடுங்கள், அது 1.75 ஆம்பியர் இழுத்தால் உண்மை வெளியே வரும்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி மினுக்மினுக்கென்று எரிகிறதா? ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான கசிவே அதற்குப் போதும். இழை பல்பில் தெரியாமல் இருந்தது இப்போது தெரிகிறது. எர்த் சரியாக இருந்தும் நிற்கவில்லையென்றால் 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டரை எல்இடிக்கு இணையாகப் போடுங்கள்.