சக்சஸ் ரேட்: வெற்றி விகிதமா, வெற்றி வீதமா?

ஐ.வி.எஃப்., அதாவது உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை. அதன் விளம்பரங்களில் தவறாமல் வரும் சொல் 'சக்சஸ் ரேட்'. தமிழில் 'வெற்றி விகிதம்' என்று போடுகிறார்கள். என்னைக் கேட்டால் 'வீதம்'தான் சரி. அரிசியும் உளுந்தும் 4:1 என்றால் அது விகிதம். பந்தியில் 'ஆளுக்கு ரெண்டு வடை வீதம்' என்கிறோமே, அது வீதம். ஆங்கில 'ரேட்' பிறந்ததும் 'ப்ரோ ராட்டா' என்ற இலத்தீன் தொடரிலிருந்துதான். கணக்கிட்ட பங்கின்படி என்று பொருள்.

வீதம் என்றதும் 'எதற்கு?' என்ற கேள்வி தானாக வந்துவிடும். சிகிச்சைக்குப் போகும் தம்பதி முதலில் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

கருமுட்டை எடுக்கும் நாளிலிருந்து பாருங்கள். முதிர்ந்த முட்டை பத்து கிடைத்தால், ஏறக்குறைய ஏழு கருவுறும். ஐந்தாம் நாள் வரை வளர்வது மூன்றோ நான்கோ. சரி, வெற்றியை எதற்கு வீதம் எண்ணுவது? ஒரு முட்டைக்கா, ஒருமுறை முட்டை எடுப்பதற்கா, கருப்பையில் வைத்த கருவுக்கா? கடைசிக் கணக்கில், வைப்பதற்குக் கருவே மிஞ்சாமல் கண்ணீரோடு வீடு திரும்பியவர்கள் சேர மாட்டார்கள். அதனால் அந்த எண் பெரிதாகத் தெரியும்.

'வெற்றி'யிலும் இதே சிக்கல். கர்ப்பத்தைக் காட்டும் பீட்டா ஹெச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனாலும் வெற்றி என்கிறார்கள், ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்தாலும் வெற்றி என்கிறார்கள். ஐ.வி.எஃப். முன்னோடிகளான ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் 1976இல் அறிவித்த கர்ப்பம் கருக்குழாயில் தங்கியதால் குழந்தையாகவில்லை. 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தின் ஓல்டாமில் முதல் ஐ.வி.எஃப். குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்த பிறகுதான் உலகம் அதை வெற்றி என்றது.

அதனால், குழந்தை உயிரோடு பிறப்பதை மட்டும் எண்ணும் 'உயிர்ப்பிறப்பு வீதம்' என்ற சொல்லையே நான் பரிந்துரைப்பேன். இன்னொரு காரணமும் உண்டு. வெற்றி, 'வெல்' என்ற வேரிலிருந்து வருவது. அந்தச் சொல் இருக்கும் இடத்தில் தோல்வியும் வந்துவிடுகிறது. கரு தங்காத பெண் தான் தோற்றதாக நினைக்கிறாள். அவள் எதிலும் தோற்கவில்லை.

இந்தச் சொல்லை எப்படி ஆள்வது என்பதற்கு ஒரு காட்டு: 2019இல் பிரிட்டனில், சொந்த முட்டையில் உருவாக்கிக் கருப்பையில் வைத்த கருக்களுக்கு உயிர்ப்பிறப்பு வீதம் 35 வயதுக்குக் கீழே நூற்றுக்கு 32, 43 வயதும் அதற்கு மேலும் என்றால் 5க்கும் குறைவு.