கடன் அடைந்தது, யார் காசில்?

ரேஞ்சர்ஸ் என்றால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மேனிங் ரேஞ்சர்ஸ்தான். 1996-97இல் பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் பட்டத்தை வென்ற நம்ம டர்பன் கால்பந்து அணி. ஆனால் கோயில் சங்கங்களுக்கும் சின்ன விளையாட்டுக் கழகங்களுக்கும் கணக்குத் தணிக்கை செய்யப் போகும்போது, கமிட்டிக்காரர்களிடம் நான் எடுப்பது ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கால்பந்துக் கழகத்தின் கதையை.

2011 மே மாதம் கிரெய்க் ஒயிட் அந்தக் கழகத்தை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார். வங்கிக்குக் கொடுக்க வேண்டிய சுமார் 1 கோடியே 80 லட்சம் பவுண்டும் அடைந்துவிட்டது. நல்ல மனுஷன் என்றுதானே தோன்றும்? பணம் வந்த வழி வேறு. இனிவரும் சீசன்களின் டிக்கெட்டுகளை டிக்கெட்டஸ் என்ற நிறுவனத்திடம் முன்கூட்டியே விற்றுத் திரட்டிய பணம் அது. ரசிகர்கள் இனிமேல் கொடுக்கப்போகும் காசு பழைய கடனுக்குப் போய்விட்டது. அப்புறம் அன்றாடச் செலவுக்கு என்ன செய்வது? சம்பளத்தில் பிடித்த வரியும் மதிப்புக் கூட்டு வரியும் (வாட்) அரசுக்குப் போகவில்லை. 2012 பிப்ரவரி 14 அன்று கழகம் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. அடுத்த சீசனை, புது நிறுவனத்தின் பெயரில், லீக்கின் கடைசிப் படியிலிருந்து தொடங்க வேண்டி வந்தது.

மோசடி வழக்கில் 2017இல் ஜூரி ஒயிட்டை விடுவித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 2014இலேயே நீதிமன்றம் 15 ஆண்டுகளுக்கு அவர் எந்த நிறுவனத்திலும் இயக்குநராக இருக்கக் கூடாது என்று தடை போட்டிருந்தது. திருடினாரா என்பது ஒரு கேள்வி, பொறுப்பாகப் பார்த்துக்கொண்டாரா என்பது வேறு கேள்வி. அவரை மட்டும் திட்டுவதும் சரியில்லை. முந்தைய உரிமையாளர் டேவிட் மர்ரேயின் காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு டிரஸ்ட் வழியாகக் கொடுத்த பணத்துக்கும் வரி உண்டு என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. கோப்பை வரும் வருடத்தில் யார் கணக்குக் கேட்கிறார்கள்?

எந்தக் கழகத்துக்குப் போனாலும் லாப நஷ்டக் கணக்கைப் பிறகுதான் பார்ப்பேன். ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரி, அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் சார்ஸுக்கு (தென்னாப்பிரிக்க வரித்துறை) போயிருக்கிறதா என்பதுதான் முதலில். காசு தட்டுப்பட்டால் பொருளாளர்கள் கைவைக்கும் முதல் இடம் அதுதான்.

போன வருடம் ஒரு சங்கத்தின் பொருளாளர் அண்ணன், "கூரைக் கடன் முழுசா அடைச்சாச்சு தம்பி" என்று பெருமையாகப் பேரேட்டை நீட்டினார். ஒழுங்கான கையெழுத்து, ஒரு ரசீது விட்டுப்போகவில்லை. புரட்டிப் பார்த்தால், அடுத்த வருடக் கல்யாணங்களுக்கு மண்டபம் பிடித்தவர்களின் முன்பணம் முழுவதும் வரவில் ஏறியிருந்தது. அதை எடுத்துப் பொறுப்புகளின் பக்கம், அதாவது சங்கம் இன்னும் தீர்க்க வேண்டிய கடன்களின் பக்கம், எழுதினேன். கூரைக் கடன் அளவுக்கே வந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்ப அந்தப் பிள்ளைகளோட கல்யாணக் காசா இது?" என்றார்.