துப்பாக்கியை ஒப்படைத்த பிறகு

போரிலிருந்து மீண்ட சிறார்களுக்கு உளவளத்துணை அளிக்கும் பணியில் நான் முதலில் கற்றுக்கொண்டது, எதைக் கேட்கக் கூடாது என்பதைத்தான். "எத்தனை பேரைக் கொன்றாய்?" என்று உறவினர், அதிகாரி, செய்தியாளர் எனப் பலரும் அவர்களிடம் முன்பே கேட்டிருப்பார்கள், அதே கேள்வி என்னிடமிருந்தும் வந்தால், அந்தப் பிள்ளை அத்துடன் பேச்சை நிறுத்திவிடும்.

பேசத் தொடங்கினாலும் நாம் எதிர்பார்க்கும் அழுகை வருவதில்லை. தன்னை அடித்து இழுத்துச் சென்ற தளபதியையே "அவர் என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டார்" என்று நினைவுகூரும் சிறுவர்கள் உண்டு. முகம் சுளிக்க வேண்டாம். அந்த நாட்களில் அவர்களுக்கு உணவும் காவலும் தந்த ஒரே பெரியவர் அவராகவே இருந்திருக்கக்கூடும். வடக்கு உகாண்டாவில் 'இறைவனின் எதிர்ப்புப் படை' என்ற கிளர்ச்சிக் குழு, கடத்திய சிறார்களைக் கொண்டே அவர்களது ஊராரையும் சில வேளைகளில் உறவினரையும் கொல்ல வைத்ததற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது: ஊர் ஏற்காத பிள்ளை படையை விட்டு ஓடாது. அவ்வாறு சிறுவனாகக் கடத்தப்பட்ட டொமினிக் ஒங்வென் பின்னாளில் தளபதியாகி, பிறர் பிள்ளைகளைப் படையில் சேர்த்தார். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2021-இல் அவருக்கு 25 ஆண்டுச் சிறை விதித்தபோது, அவருடைய இளமைக்கால இழப்பு தண்டனையைக் குறைத்ததே தவிர குற்றத்தைத் துடைக்கவில்லை.

சிறுமிகளின் நிலை இதனினும் சிக்கலானது. 18 வயதுக்குட்பட்ட ஒருவர் சமையலுக்கோ, சுமை தூக்கவோ, தூது செல்லவோ, பாலியல் நோக்கத்துக்கோ பயன்படுத்தப்பட்டிருந்தாலும் அவர் ஆயுதக் குழுவுடன் இணைக்கப்பட்ட சிறாரே என்று, போரில் ஈடுபடுத்தப்படும் சிறார்களைப் பற்றிய சர்வதேச வழிகாட்டு நெறிகளான 2007-ஆம் ஆண்டின் பாரிஸ் கோட்பாடுகள் கூறுகின்றன. எனினும் சியரா லியோனில் ஆயுதக் களைவு நடந்தபோது, ஒப்படைக்கத் துப்பாக்கி இல்லாத பல சிறுமிகள் மறுவாழ்வு உதவியிலிருந்து விடுபட்டுப்போயினர். கையில் குழந்தையுடன் திரும்பியவளை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே நாட்டில் மீண்ட சிறார்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், போரில் பட்டதோடு, திரும்பிய பின் சந்தித்த ஒதுக்குதலும் அவர்களுடைய மனநலத்தை வெகுவாகப் பாதித்ததைக் காட்டின. ஆகவே இப்போது நான் முதல் அமர்வைப் பிள்ளையோடு தொடங்குவதில்லை. வீட்டில் யார் அதன் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள், யார் பட்டப்பெயரால் அழைக்கிறார்கள் என்பதைத் தாயிடமும் ஆசிரியரிடமும் கேட்டறிகிறேன்.