மேட்டுக்குப் பின்னால் ஒரு டாங்கி ரெஜிமென்ட்

இந்திய ராணுவத்தின் டாங்கி ரெஜிமென்ட் ஒன்றில் வழக்கமாக 45 டாங்கிகள் இருக்கும். மூன்று டாங்கி ஒரு ட்ரூப். நான்கு ட்ரூப்பும் தலைமைக்கென இரண்டு டாங்கியும் சேர்ந்தால் 14 டாங்கி கொண்ட ஸ்குவாட்ரன். மூன்று ஸ்குவாட்ரன் போக, மிச்ச மூன்றும் ரெஜிமென்ட் தலைமைக்கு. பழைய ரெஜிமென்ட்கள் பல குதிரைப்படையாகப் பிறந்தவை. பூனா ஹார்ஸ் 1817இல் தொடங்கியது. சிந்து ஹார்ஸ் 1938இல் குதிரையை விட்டு வாகனத்துக்கு வந்தது.

முன்னேறும்போது எல்லா டாங்கிகளும் ஒருசேர ஓடுவதில்லை. ஒரு பகுதி ஓட, மறுபகுதி நின்று காவல் காக்கும். நிற்பவர்கள் தேடுவது ஒரு மேடு. உடல் மேட்டுக்குப் பின்னால் மறைய, மேலே சுழலும் கோபுரம் மட்டும் எட்டிப்பார்க்க வேண்டும். சுட்டதும் பின்வாங்கி வேறிடம் போக வேண்டும். அதே இடத்தில் மறுபடி தலைகாட்டினால் எதிரி குறிவைத்துக் காத்திருப்பான்.

இதைச் செய்ய பீரங்கிக் குழாய் நன்றாகக் கீழே சாய வேண்டும். பழைய பிரிட்டிஷ் டாங்கியான செஞ்சூரியனில் அது 10 டிகிரி வரை சாயும். ஆவடியில் தயாரான அர்ஜுனில் 9. சோவியத் வடிவமைப்பில் அதே ஆவடியில் உரிமம் பெற்றுத் தயாரான டி-72இல் சுமார் 6 டிகிரிதான். குழாயின் வாய் தாழ்ந்தால், கோபுரத்துக்குள் இருக்கும் பின்முனை உயரும். கூரை தாழ்வாக இருந்தால் சீக்கிரமே முட்டிவிடும். டி-72இன் மொத்த உயரமே ஏறத்தாழ 2.2 மீட்டர். ஆக, கீழே சுட வேண்டுமானால் டாங்கி இன்னும் மேலே ஏறி உடலைக் காட்ட வேண்டியதுதான். அதன் ரிவர்ஸ் வேகமும் மணிக்கு 4 கி.மீ. அளவுதான். சரிவில் இறங்கி ஒளிய அது போதாது என்பதே என் கருத்து.

அந்தக் குட்டை உயரம் சும்மா கிடைத்ததல்ல. குண்டு நிரப்பும் ஆளை எடுத்துவிட்டு, டாங்கியின் உள்தரையில் 22 குண்டுகள் கொண்ட சுழல் வட்டிலை வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் குழாய் குறிப்பிட்ட கோணத்துக்கு வந்தால்தான் இயந்திரம் குண்டை ஏற்றும். பிறகே மீண்டும் குறி.

சரிவில் அவசரமாகத் திரும்பும்போதுதான் இன்னொரு தொல்லை. சங்கிலிப் பட்டை தளர்ந்திருந்தாலோ, பின்புறப் பல்சக்கரத்தில் சேறு அடைத்துக்கொண்டாலோ பட்டை கழன்றுவிடும். இணைப்பு ஊசியைத் தட்டி எடுத்து, பட்டையை விரித்து, மீண்டும் சக்கரங்கள்மேல் இழுத்துப் பூட்டி, முன்சக்கரத்தால் முறுக்கேற்ற வேண்டும். அர்ஜுனில் நான்கு பேர் செய்கிற அந்த வேலைக்கு டி-72இல் மூன்று பேர்தான்.