ஒளிவிலகலா, ஒளிமுறிவா?

எலும்பு முறிந்தால் மருத்துவர் ‘ஃபிராக்சர்’ என்கிறார். இயற்பியலில் வரும் ‘ரிஃப்ராக்‌ஷன்’ அந்தச் சொல்லுக்கு உடன்பிறப்பு. ‘ஃபிராங்கெரே’ என்ற லத்தீன் வினைச்சொல்தான் இரண்டுக்கும் வேர்; உடைத்தல், முறித்தல் என்று பொருள். பின்னத்தைக் குறிக்கும் ‘ஃபிராக்‌ஷன்’ கூட அந்தக் குடும்பம்தான்.

காற்று, தண்ணீர், கண்ணாடி போன்ற ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்துக்குள் சாய்வாக நுழையும் ஒளி, எல்லையில் திசை மாறுவதையே ‘ரிஃப்ராக்‌ஷன்’ என்ற சொல் குறிக்கிறது. காரணம் வேகம். வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கி.மீ. செல்லும் ஒளி, தண்ணீரில் சுமார் 2,25,000 கி.மீ., கண்ணாடியில் சுமார் 2,00,000 கி.மீ. என்று தளர்ந்துவிடுகிறது. வெற்றிட வேகத்தை ஊடகத்தின் வேகத்தால் வகுத்தால் ஒளிவிலகல் எண் கிடைக்கும்: தண்ணீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு 1.5, வைரத்துக்கு 2.42. செங்குத்தாக நுழையும் கதிரும் வேகம் குறையத்தான் செய்கிறது. திசை மட்டும் மாறுவதில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை ‘ஒளிவிலகல்’ என்கின்றன. இலங்கையில் ‘ஒளிமுறிவு’, எண்ணுக்கு அங்கே ‘முறிவுச்சுட்டி’ என்று பெயர். லத்தீன் வேருக்கு நெருக்கமானது இலங்கை வழக்குதான். நீரில் பாதி மூழ்கிய கோல் முறிந்தது போலத்தானே தெரிகிறது?

‘விலகல்’ மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ‘காற்றிலிருந்து கண்ணாடிக்குள் செல்லும் கதிர், செங்குத்துக்கோட்டை நோக்கி விலகுகிறது’ என்று படிக்கும் மாணவர் திகைக்காமல் என்ன செய்வார்? (கதிர் நுழையும் இடத்தில் எல்லைக்குச் செங்குத்தாக வரையும் கோடே செங்குத்துக்கோடு.) ஒன்றை நெருங்குவதை யாரும் விலகுவது என்று சொல்வதில்லை. பழைய பாதையை விட்டு விலகுகிறது என்று நாமாகப் பொருள் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் பாதையை விட்டு விலகியதுதான். அதை எதிரொளிப்பு என்று தனியே பிரித்துச் சொல்கிறோம்.

சரி, முறிவையே எடுத்துக்கொள்ளலாம் என்றால் கானல்நீர் குறுக்கே வருகிறது. ‘பேய்த்தேர்’ என்று பழந்தமிழ் அதற்கு அழகான பெயர் வைத்திருக்கிறது. சுடும் தரையை ஒட்டிய காற்று அடர்த்தி குறைந்தது. மேலே போகப் போக அடர்த்தி கூடுகிறது. வானத்திலிருந்து சாய்ந்து வரும் ஒளி, இந்த அடுக்குகளில் சிறிது சிறிதாக வளைந்து மேல்நோக்கித் திரும்பிக் கண்ணை அடைகிறது. தரையில் தண்ணீர் பளபளப்பதாகத் தோன்றுவது அந்த வான ஒளியே. இங்கே கதிர் எந்த இடத்திலும் வெடுக்கென்று முறியவில்லை. விலகல் என்ற சொல் இதற்குத் தடையின்றிப் பொருந்துகிறது.

அதனால் கலைச்சொல்லாக ‘ஒளிவிலகல்’ என்றே எழுதுகிறேன். வினையை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்: கதிர் செங்குத்துக்கோட்டை நோக்கிச் சாய்கிறது, அல்லது அதைவிட்டு விலகுகிறது.